சந்தனம் ஏற்காத இயந்திரம்

இதை எழுதப் பல வருடங்கள் தயங்கினேன். காட்டாங்குளத்தூர்ப் பக்கம், சூரியனைப் போல அணுக்களை இணைத்து மின்சாரம் எடுக்கப் பார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் உதவியாள். இயந்திரத்துக்குப் புதுப் பாகங்கள் மாட்ட ஒருவர் வந்தார். ஒல்லி உடம்பு, நரைத்த தாடி. கையுறையைக் கழற்றவே மாட்டார். எதை மறைக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

ஆயுத பூஜையன்று, அந்த இயந்திரத்தின் திறந்து கிடந்த இரும்புக் கலத்துக்குப் பொட்டு வைக்கச் சந்தனத்தோடு போனேன். மறித்தார்.

“கிட்ட வராதீங்கண்ணா. ஒரு துளி, ஏன் விரல் பிசுக்கு உள்ள பட்டாலும் அதுல இருக்கிற காத்தை முழுசா உறிஞ்ச முடியாது. இத்தனை மாச வேலையும் பேஜாராயிடும்.”

“பொட்டு வைக்காத மெஷின் ஆளை முழுங்கிடும் சார்.”

“முழுங்கினா என்னைத்தானே? எனக்கு வைங்க” என்று குனிந்து நெற்றியைக் காட்டினார்.

வைத்தேன். அவர் குனிந்தது பக்தியா, என்னைத் தள்ளி நிறுத்தும் தந்திரமா, முருகன் அறிய இன்றும் எனக்குத் தெரியவில்லை. யாருக்காவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். அவரை நல்லவராகவும் ஆக்க வேண்டாம், கெட்டவராகவும் ஆக்க வேண்டாம்.