பிளக் இல்லாத வண்டி

இரண்டு கைகளாலும் அம்மாவின் குதிகாலைப் பிடித்து, கட்டில்மேல் மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள் வார்டு அக்கா. ஆஸ்பத்திரி வார்டில் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றவள் என்பதால் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். எத்தனையோ முரட்டு நோயாளிகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, நடக்க வைத்து அனுப்பியிருக்கிறாள். சொந்த அம்மாவிடம் மட்டும் பாச்சா பலிக்கவில்லை.

"நான் பெத்த கை, என் காலையே உடைக்குது பாரு! விடுடி கொலைகாரி!"

"இன்னும் கொஞ்சம் மடக்கும்மா."

"மடங்காது. போ."

மூட்டு மாற்றிய முழங்கால் அது. அடுத்த முறை வருவதற்குள் மடங்காவிட்டால் மயக்க மருந்து கொடுத்துத்தான் மடக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மாவின் இதயம் இன்னொரு மயக்கத்தைத் தாங்குமா என்பதுதான் மகளின் கவலை. அம்மாவோ காலைக் கட்டை மாதிரி நீட்டிக்கொண்டு பழங்கதை பேசினாள். எல்லாக் கதையும் ஒரே இடத்தில்தான் போய் முடியும்: வீடு வீடாக ரொட்டி போட அவள் ஓட்டிய மோட்டார் வைத்த சைக்கிள். பெடலை நாலு மிதி மிதித்தால் என்ஜின் பிடித்துக்கொள்ளும்.

"அது மட்டும் இருந்தா நீ ஏன்டி மடக்கணும்? கால் தானா மடங்கும்."

பேச்சுவாக்கில் சொன்னதுதான். மகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னதும் அவன் சிரித்தான். "அம்மாவுக்கு மொபெட்டா? அக்கா, நீதான் முதல்ல டாக்டரைப் பார்க்கணும்."

"வாயை மூடிட்டு உன் வேலையைப் பாரு."

பழைய இரும்புக் கடையெல்லாம் ஏறி இறங்கியபின், பூட்டு ரிப்பேர்க்காரர் வீட்டுக் கொல்லையில் அதே மாதிரி வண்டி ஒன்று அகப்பட்டது. ஆனால் அதன் கேரியரில் முடுக்கியிருந்த மரப்பெட்டிக்குள் சாக்கை விரித்து ஒரு கோழியை அடை வைத்திருந்தார்கள்.

"தாராளமா எடுத்துக்குங்க. ஆனா குஞ்சு பொரிக்கட்டும்," என்றார் அவர். "இப்ப கோழியைக் கலைச்சா என் வீட்டுக்காரி என்னைக் கலைச்சிடுவா."

அதுவரை முழங்கால் காத்திருக்குமா? பெட்டியைக் கழற்றலாமென்றால் திருகெல்லாம் துரு. வார்டு அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை விரிப்போடு தூக்கிக் கட்டில் மாற்றுவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"சாக்கோட அந்தப் பக்க முனையைப் பிடிங்க. நான் சொன்னதும் தூக்கணும். குலுங்கக் கூடாது. ம்... தூக்குங்க!"

கோழி, சாக்கு, முட்டை எல்லாம் அலுங்காமல் பக்கத்துக் கூடைக்குள் இறங்கின. கோழி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"எங்கம்மாவுக்கு நீ எவ்வளவோ தேவலை," என்று அதைப் பாராட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள்.

மெக்கானிக் பாடுபட்டு என்ஜினை ஓட வைத்தார். முகமெல்லாம் பெருமை.

"சரி, இப்ப பிளக்கைக் கழட்டிடுங்க," என்றாள்.

"பிளக் இல்லாம எப்படிக்கா ஓடும்?"

"ஓடக் கூடாது. ஸ்டாண்டுல நிக்க வச்சு எங்கம்மா மிதிக்கணும், அவ்வளவுதான்."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "அப்படின்னா மிதிக்கவும் லேசா இருக்கும்." பிளக்கைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, அதன் மூடியை வெறும் ஓட்டையின்மேல் கவிழ்த்து வைத்தார். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

கூடத்தில் வண்டியைப் பார்த்ததும் அம்மா கைத்தடியை ஊன்றி எழுந்து வந்தாள். கைப்பிடியைத் தடவினாள், மணியை அடித்தாள். மகள் தாங்கிப் பிடித்து ஏற்றி உட்கார வைத்தாள். பெடல் பாதிச் சுற்றோடு நின்று திரும்பியது.

"இந்த ஓட்டை வண்டியை எவன்டி உன் தலையில கட்டினான்?"

"முழுசா மிதிச்சாத்தானே பிடிக்கும்?"

தினமும் இதே சண்டை. அம்மா வண்டியைத் திட்டினாள், மெக்கானிக்கைத் திட்டினாள், வராத தம்பியைக்கூட விடவில்லை. திட்டத் திட்டப் பெடல் மேலே ஏறியது. ஒருநாள் முழுச் சுற்றே சுற்றிவிட்டது. மகள் சமையலறைக்குள் போய்த் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

டாக்டர் காலை மடக்கிப் பார்த்து அசந்துபோனார். "மயக்க மருந்தெல்லாம் வேண்டாம். என்னம்மா பயிற்சி செஞ்சீங்க?"

"பயிற்சியா? வண்டி ரிப்பேர்," என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் உள்ளங்கையை நீட்டினாள். "பிளக்கை எடு."

வார்டு அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எந்த... எப்பம்மா தெரியும்?"

"முதல் மிதியிலேயே. புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்துதானே வந்துச்சு? நானும் எவ்வளவு நாள் ரொட்டி போட்டவடி."

"தெரிஞ்சுமா இத்தனை நாள் மிதிச்சே?"

"நீ பிடிச்சு மடக்கினா நான் நோயாளி. நானே மிதிச்சா வண்டிக்காரி."

மறுநாள் காலை அம்மா அதிகாரம் பண்ண, மகள் பிளக்கை மாட்டி, பெட்ரோல் ஊற்றினாள். கோழி இருந்த பெட்டியில் அம்மாவின் கைத்தடியைப் போட்டாள். வண்டி இருமி, தும்மி, பிடித்துக்கொண்டது. தெருமுனைவரைதான் என்று ஒப்பந்தம். சீட்டை ஒரு கையால் பிடித்தபடி, மூச்சு வாங்க வாங்கக் கூடவே ஓடினாள் வார்டு அக்கா.

அம்மா மணியடித்தாள். "ஓரமா வாடி!"