கடைசித் தட்டு

தொண்ணூறுகளின் பிற்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, அம்மாவும் நானும் என் பிள்ளைகளும் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கொட்டிலில் இருந்தோம். அம்மாவுக்கு மலேரியா. பக்கத்து ஆஸ்பத்திரியில், ஓலை வேய்ந்த வாட்டு ஒன்றில் படுத்திருந்தார்.

காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் அம்மா சாப்பிடவில்லை. சாப்பிட்டுத் தேறாவிட்டால் வவுனியாவுக்குத்தான் அனுப்பவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பாதை கிடந்த கிடையில், அந்த உடம்பு வவுனியா போய்ச் சேராது என்று எனக்குத் தெரியும்.

நான் தினமும் மத்தியானம் ஈர விறகோடு மாரடித்து, சோறும் சொதியும் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஓடுவேன். அம்மா இரண்டு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளுவார்.

“நீங்கள் எல்லாரும் சாப்பிட்டாச்சே?” என்று மட்டும் கேட்பார்.

“எங்கை அம்மா? உங்களுக்குத் தந்துபோட்டுப் போய்த்தான் நாங்கள் சாப்பிடோணும்” என்பேன். நான் படும் பாடு அவருக்குத் தெரியட்டுமே என்றுதான் அப்படிச் சொல்வது.

ஒருநாள் பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். “உங்கடை அம்மா பின்னேரம் மிஸ்ஸி குடுத்தா வழிச்சுத் துடைச்செல்லோ சாப்பிடுறா!”

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. வாட்டு நர்ஸான அந்த மிஸ்ஸி, மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய குடும்பத்துப் பெண். சின்ன வயது. என்னுடைய முருங்கையிலைச் சொதி இறங்கவில்லை, அவள் கொடுக்கும் ஆஸ்பத்திரிப் பருப்பு இறங்குகிறதாம்! அம்மாவின் தலையைக்கூட அவள்தான் வாரிக் கட்டியிருந்தாள். அதுபோதாதென்று அம்மா அவளைப் ‘பிள்ளை’ என்று கூப்பிட்டார். அது என்னைக் கூப்பிடுகிற சொல்.

என்ன மாயம் செய்கிறாள் பார்ப்போம் என்று அன்று பின்னேரமும் போனேன். அவள் பானையோடு வந்து முதல் கட்டிலிலிருந்து சாப்பாடு போட்டாள். அம்மாவின் கட்டில் வந்தது. நிமிர்ந்தும் பாராமல் தாண்டிப் போய்விட்டாள். கடைசிக் கட்டில் வரைக்கும் போட்டுவிட்டுத்தான் திரும்பி வந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “ஏன் மிஸ்ஸி, என்ரை அம்மாவுக்கு மட்டும் அடிப்பானையோ? கேக்க ஆளில்லையெண்டு நினைச்சியளோ?” என்று வாட்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அவள் கோபிக்கவில்லை. “கொஞ்சம் இருங்கக்கா” என்றவள், தட்டோடு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “எல்லாரும் சாப்பிடுறாங்கம்மா. நீங்கதான் பாக்கி. நீங்க சாப்பிட்டா நான் பானையைக் கழுவிடுவேன்.”

அம்மா தலையைத் தூக்கி வாட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லார் தட்டிலும் சோறு இருந்தது. பிறகு குனிந்து சாப்பிடத் தொடங்கினார்.

வெளியே வந்தபோது அவளே சொன்னாள். “வீட்டில எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் தனக்கு இறங்கும்னு அம்மா வந்த அன்னைக்கே சொன்னாங்கக்கா. எங்கம்மாவும் அப்படித்தான். அதனாலதான் கடைசியாக் குடுக்கிறேன்.”

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா எங்களுக்கு முன்னால் சாப்பிட்டதே இல்லை. குசினியில் எல்லாரும் எழும்பிப் போன பிறகுதான் தனக்குப் போட்டுக்கொள்வார். அதோடு என் பொறாமை தீர்ந்திருக்கவேண்டும். தீரவில்லை, கூடியது. அது எனக்கல்லவா தெரிந்திருக்கவேண்டும்! முன்பின் தெரியாத ஒருத்தி வந்து கண்டுபிடிப்பதா?

மறுநாள் வெள்ளெனச் சமைத்தேன். பிள்ளைகளுக்குக் கொடுத்து, நானும் சாப்பிட்டுவிட்டுப் போனேன்.

“எல்லாரும் சாப்பிட்டாச்சு அம்மா. நானும்தான்.”

அம்மா நம்பவில்லை. என் கையைப் பிடித்து மணந்து பார்த்தார். கறி மணந்தது. பிறகு தட்டை வாங்கி, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். அதற்குப் பிறகு வவுனியாப் பேச்சே எழவில்லை.

துண்டு வெட்டி வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நாள், வாசலில் ட்ரக்டர் நின்றது. விடைபெற வந்த மிஸ்ஸியின் முகத்தை அம்மா உற்றுப் பார்த்தார்.

“நீ சாப்பிட்டியே பிள்ளை?”

“இன்னும் இல்லம்மா. வேலை முடியட்டும்.”

எழும்பிய அம்மா திரும்பக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத் தனக்கென்று நான் கட்டி வந்த சோற்றுப் பார்சலை அவிழ்க்கச் சொன்னார். ட்ரக்டர்காரர் சத்தம் போட்டும், அவள் சாப்பிட்டு முடியும்வரை அசையவில்லை. நான் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றேன். அம்மா தனக்கு முன்னால் சாப்பிடவைப்பது வீட்டு ஆட்களை மட்டுந்தான். அது தெரிந்ததால் எனக்கு வயிறு எரிந்தது.

இப்போது அம்மா இல்லை. எல்லாருக்கும் போட்டுவிட்டு நான்தான் கடைசியாகத் தட்டோடு உட்காருகிறேன். அந்தப் பெண்மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் பொறாமை இருக்கிறது. ஆனாலும் அவள் சாப்பிட்டிருப்பாளா என்று ஒருமுறை நினைக்காமல் எனக்குச் சோறு இறங்குவதில்லை.