ஆமி வெட்டும் அண்ணரின் கிணறும்

ஒரு கூட்டத்தையும் மைக்கையும் ஒரே இடத்தில் கண்டால் என் மூளை லீவு போட்டுவிடும். நாக்கு மட்டும் ஓவர்டைம் செய்யும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததைக் கேட்டுவிட்டு, "இவ்வளவு பெரிய மடையனா?" என்று நீங்கள் வாயைப் பிளக்க வேண்டாம். ஓம், அவ்வளவு பெரியவன்தான்.

திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகும் தெருவில் எனக்கொரு சலூன். எதிரே ஆமி காம்ப். வருடக்கணக்காக என்னிடம் வந்ததெல்லாம் ஆமித் தலைகள். காதுக்கு மேலே ஒட்ட வழித்து, உச்சியில் புல்லுப்போலக் கொஞ்சம் விடுவது. வேறு வெட்டு எனக்குக் கைவராது. ஊர்ப் பொடியன்கள் போனில் ஒரு நடிகரின் படத்தைக் காட்டி "இப்பிடி வெட்டுங்கோ" என்பார்கள். நானும் படத்தை வடிவாகப் பார்ப்பேன். வெட்டி முடித்து அவன் எழும்பும்போது சல்யூட் அடிக்கத்தான் தோன்றும்.

போன வருடம் காம்பில் பாதியைக் காலி செய்தார்கள். மிச்சம் நின்ற நாலு பேர் மெஷின் ஒன்றை வாங்கித் தங்களுக்குள்ளேயே வழித்துக்கொண்டார்கள். மற்றப் பாதியையும் காணிக்காரரிடமே விடப்போகிறார்கள் என்று ஒரு கதை அடிபட்டது. அந்தப் பாதிக்குள்தான் கடைக்குப் பக்கத்து வீட்டு அண்ணரின் காணி. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து பென்ஷன் எடுத்தவர். தெருவுக்கு இந்தப் பக்கம் வாடகை வீடு, அந்தப் பக்கம் முள்ளுக்கம்பிக்குள் சொந்தக் கிணறு. அதில் ஆமிக்காரர் குளிக்கிற சத்தத்தைக் கேட்டுக் கேட்டே நரைத்துப்போனவர்.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து ஒரு பாராளுமன்றக் குழு வந்தது. படைமுகாம் அகற்றலால் பிரதேசப் பொருளாதாரத்துக்கு ஏற்படும் பாதிப்புகளை மேற்பார்வை செய்யும் குழு. பெயரை வாசித்து முடிப்பதற்குள் ஒரு தலையை வழித்துவிடலாம். காம்ப் வந்தபோது யாருக்கு என்ன நட்டம் என்று பார்க்க ஒரு குழுவும் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. போகிறது என்றதும் ஏசி வாகனங்களில் வரிசையாக வந்து இறங்கினார்கள்.

மண்டபத்தில் அண்ணர் முன்வரிசையில், காணி உறுதிப் பத்திரத்தை மடியில் வைத்தபடி. "பாதிக்கப்பட்ட வர்த்தகர்" என்று என்னை மைக்குக்குக் கூப்பிட்டார்கள். என்னை யாரும் அதுவரை வர்த்தகர் என்றதில்லை. மயங்கிப்போனேன்.

"ஐயாமாரே, ஆமி போனதில இருந்து என்ட கதிரையில பூனை படுக்குது. அவையளைத் திரும்பி வரச் சொல்லுங்கோ, தலைக்கு ஒரு பிளேன்டீ இலவசம்!"

சபை சிரித்தது. அண்ணர் சிரிக்கவில்லை. மொழிபெயர்த்தவர் பகிடியை விட்டுவிட்டு மிச்சத்தைச் சிங்களத்தில் சொன்னார். தலைவர் தலையாட்டினார், செயலாளர் எழுதினார்.

கொஞ்ச நாளில் கிராம சேவகர் கடைக்கு வந்தார். முகாம் தொடர்ந்து இருப்பதையே வர்த்தகர்கள் விரும்புகிறார்களாம். அவர்களுடைய தொழில் தேறும்வரை மற்றப் பாதியை விடுவது ஒத்திவைப்பாம். தேறியதா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவாராம்.

"எந்த வர்த்தகர்கள்?" என்றேன்.

"நீங்கள்தான். காம்புக்கு முன்னால வேற கடை இல்லையே."

அண்ணர் என்னோடு கதைப்பதை நிறுத்தினார். ஆனால் அடுத்த கிழமையே வந்து கதிரையில் ஏறி இருந்தார். வாய் திறக்கவில்லை. வழித்துவிட்டேன். மறுநாள் மச்சானைக் கூட்டிவந்தார். பிறகு அன்புவழிபுரத்து மருமக்கள். அதற்கும் பிறகு கட்டைபறிச்சானிலிருந்து ஒரு வான் வண்டி நிறையச் சொந்தக்காரர். வழுக்கை விழுந்த சித்தப்பாவைக்கூட விடவில்லை. என் தொழில் தேறினால்தான் தன் கிணறு வரும் என்று அவருக்கு விளங்கிவிட்டது. எனக்குத்தான் நாளெடுத்தது. என் கைராசி ஊரெல்லாம் பரவிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி வந்த அன்று வாசலில் நீட்டு வரிசை. முதல் மாதம் வெட்டியவர்கள் மறுபடி வந்து நின்றார்கள். எல்லாத் தலையும் ஒரே வெட்டு. வாகனத்தை விட்டு இறங்கியவருக்கு முகம் மாறிவிட்டது.

"பாதி ஆமி போயிட்டுது எண்டுதானே சொன்னாங்கள்? இது யார் இவ்வளவு பேர்?"

"நாங்கள் கிணத்துக்காரரின்ட ஆக்கள், ஐயா," என்றார் வழுக்கைச் சித்தப்பா.

அதிகாரி உள்ளே வந்து என்னிடம் கேட்டார்: "தொழில் எப்பிடிப் போகுது?"

நாக்கு அரித்தது. அருமையான பகிடியொன்று தொண்டைவரை வந்துவிட்டது. கதிரையில் இருந்த அண்ணர் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார். "நல்லாப் போகுது ஐயா," என்றேன், அவ்வளவுதான். எழுதிக்கொண்டு போனார்.

வாகனம் முடக்கில் திரும்பியதும் எனக்குப் பொறுக்க ஏலாமல் போய்விட்டது.

"அண்ணே, இனிக் கிணறு உங்களுக்குத்தான். அடுத்தமுறை குழு வந்தா நானே மைக்கைப் பிடிச்சு உங்களுக்காக ரெண்டு வார்த்தை..."

மாதக்கணக்கில் மூடியிருந்த வாயை அண்ணர் திறந்தார்.

"நீர் கத்திரியை மட்டும் ஆட்டும்."