குத்தூசி படாத மூட்டை

எனக்கு வாய் நீளம். ஊருல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அதனாலதான் எங்க உளுந்து குழுவுல மூட்டையைச் சோதிக்கிற வேலைய என் தலையில கட்டுனாங்க. இன்னொரு காரணமும் உண்டு. விருத்தாசலத்துல பீங்கான் பொம்மை செய்யுற எடத்துல பல வருஷம் வேலை பாத்தவ நான். சூளையில அடுக்குறதுக்கு முன்னாடி பொம்மைய கன்னத்துல ஒத்திப் பாப்போம். சில்லுன்னு இருந்தா உள்ள ஈரம் நிக்குதுன்னு அர்த்தம், சூட்டுல வெடிச்சிடும். உளுந்து மூட்டைக்குள்ள முழங்கை வரைக்கும் கைய விட்டாலும் அதே கதைதான். ஈரம் பாக்குற மிஷினு காட்டுறதுக்கு முன்னாடி என் கை சொல்லிடும்.

குழுன்னா பெருசா ஒண்ணும் இல்ல. மங்கலம்பேட்டை பக்கத்துல எங்க ஊருல, ஒரு ஏக்கரு ரெண்டு ஏக்கரு வச்சிருக்கிறவங்க சேந்து, எல்லாரு உளுந்தையும் ஒரே லோடா வெளியூரு மில்லுக்கு நேரா விக்கலாம்னு முடிவு பண்ணோம். அதுக்கு முன்னாடி அவங்கவங்க மூட்டைய மொபெட்டுல வச்சுக்கிட்டு கமிஷன் கடைக்குப் போவாங்க. கடைக்காரரு குத்தூசிய மூட்டையில செருகி, வந்து விழுற உளுந்தை ஊதிப் பாத்துட்டு, கழிவுன்னு மூட்டைக்கு ரெண்டு கிலோ கொறைச்சிடுவாரு. காஞ்சிருந்தாலும் கொறைப்பாரு, காயாட்டியும் கொறைப்பாரு. நாங்க மட்டும் லேசுப்பட்டவங்களா? மூட்டை தைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு சொம்புத் தண்ணிய தெளிச்சு விட்டுடுவோம். அவரு எடுக்கிறதுக்கு நாங்க குடுக்கிறது சரியாப் போயிடும். இதைத் தப்புன்னு ஊருல யாரும் நெனச்சதே இல்ல.

மில்லுல அந்த வேலை நடக்காது. மொத லோடு சரியா இருந்தா வருஷா வருஷம் எங்ககிட்டயே எடுக்கிறதாவும், ஒரு மூட்டை நனைஞ்சிருந்தாலும் மொத்த லோடும் திரும்பிடும்னும் மில்லுக்காரரு கறாரா சொல்லிட்டாரு. நான் கூட்டம் போட்டு எல்லாருக்கும் படிச்சுப் படிச்சு சொன்னேன்.

லாரி வர்ற அன்னிக்கு காலையில சமுதாயக் கூடத்துல மூட்டைங்க வந்து எறங்குச்சு. எது யாருதுன்னு தெரியிறதுக்கு ஆளுக்கு ஒரு கலர்ல பெயிண்டு குறி. நான் குத்தூசியும் கையுமா நின்னேன். என் ஓரகத்தி, அதாவது எங்க வூட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி, நாலு மூட்டை கொண்டாந்தாங்க. கைய விட்டேன், சில்லுன்னு இருந்துச்சு. பாவம், அவங்க தண்ணி எல்லாம் தெளிக்கல. முந்தின வாரம் பேஞ்ச மழையில சரியாக் காயல, அவ்வளவுதான். ரெண்டு நாளு காய வச்சு எடுத்துட்டு வாங்கன்னு காதோட சொல்லியிருக்கலாம். நான் என்ன பண்ணேன்? அத்தனை பேரும் நிக்கிறப்ப சத்தமாவே சொன்னேன்.

"சொந்தம்னு பாத்தா குழு வெளங்காதுக்கா. தூக்கிட்டுப் போங்க."

அவங்க மூட்டைங்களைத் தூக்குனாங்க. மறுபடியும் வண்டியில ஏத்திக்கிட்டு நேரா கமிஷன் கடைக்குப் போயி அடிமாட்டு விலைக்குப் போட்டுட்டாங்கன்னு மத்தியானம் கேள்விப்பட்டேன். வீம்புக்குப் பண்ணா நான் என்ன பண்ணன்னு இருந்துட்டேன். பொய் சொல்வானேன், உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு.

போன லாரி மறுநாளே அப்படியே திரும்பி வந்துச்சு. பச்சைக் குறி போட்ட மூட்டைங்க ஈரமா இருக்குதாம். ஒரு வாரத்துக்குள்ள காய வச்சுக் கொண்டாந்தா பாக்குறோம், இல்லன்னா வேற ஊருல எடுத்துக்குறோம்னு மில்லுல சொல்லிட்டாங்கன்னு டிரைவரு சொன்னாரு. பச்சைக் குறி எங்க வூட்டுது.

எங்க மூட்டைய மட்டும் யாரும் குத்திப் பாக்கல. குத்தூசி எங்கிட்டதானே இருந்துச்சு! வூட்டுக்கு ஓடுனேன். எங்க வூட்டுக்காரரு மாட்டுக்குத் தவுடு கலந்துகிட்டு இருந்தாரு. நிமிந்துகூடப் பாக்காம, "எப்பவும் போலத்தான் தெளிச்சேன். எங்கிட்ட நீ எப்ப சொன்ன?"ன்னாரு. கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. ஆனா யாரு மேல காட்டுறது? ஊரு பூரா சொன்னதை வூட்டுல ஒரு தடவைகூட சொல்லலையே.

கூடத்துல எல்லாரும் ஒருத்தரை ஒருத்தரு மொறைச்சுக்கிட்டு நின்னாங்க. பாதிப்பேரு கமிஷன் கடைக்கே போயிடலாம்னு மூட்டையில கைய வச்சிட்டாங்க. நான் நடுவுல போயி நின்னு, அது எங்க மூட்டைதான், தெளிச்சது எங்க வூட்டுலதான்னு சொன்னேன். கை வச்சவங்க மூட்டைய விட்டுட்டாங்க, ஆனா யாரும் திட்டல. திட்டியிருந்தாத் தேவலாம். அதுக்கப்புறம் ஓரகத்தி வூட்டுக்குப் போயி, இனிமே நீங்கதான் மூட்டைய சோதிக்கணும்க்கான்னு சொல்லி குத்தூசிய நீட்டுனேன். வாங்கி மொறத்து மேல வச்சிட்டு, டீ குடிச்சிட்டுப் போன்னு மட்டும் சொன்னாங்க. வருவாங்களா மாட்டாங்களான்னு தெரியல.

எங்க மூட்டைங்களை ரோட்டோரம் தார்ப்பாய் விரிச்சுக் கொட்டுனேன். பாழாப்போன வானம் மோடமாவே இருந்துச்சு. கெடு முடியிற அன்னிக்கு அள்ளி மறுபடியும் மூட்டை புடிச்சு வச்சேன், லாரி வந்து நின்னுச்சு. ஓரகத்தி குத்தூசியோட வந்தாங்க. அந்த லோடுல அவங்களுக்கு ஒரு மூட்டைகூட இல்ல. நேரா எங்க மூட்டைகிட்ட வந்து குத்தி, நாலு உளுந்தை எடுத்துக் கடிச்சாங்க. நானும் இன்னொரு பக்கத்துல கைய விட்டேன். சில்லுன்னுதான் இருந்துச்சு.

ஊரே பாத்துக்கிட்டு இருந்துச்சு. எதுவா இருந்தாலும் வாங்கிக்கத்தான் வேணும்னு தலைய குனிஞ்சு நின்னேன். அவங்க என் காதுகிட்ட குனிஞ்சாங்க.

"இன்னும் ரெண்டு நாளு காயட்டும்மா. அடுத்த லோடுல போட்டுக்கலாம்."

பக்கத்துல நின்னவங்களுக்குக்கூட அது கேக்கல. லாரி எங்க மூட்டை இல்லாம போச்சு, மில்லுலயும் எடுத்துக்கிட்டாங்க. நான் மூட்டையோட ஒரு முனையப் புடிச்சேன், அவங்க மறுமுனையப் புடிச்சாங்க. தார்ப்பாய் வரைக்கும் அழுதுகிட்டேதான் தூக்கிட்டுப் போனேன்.