படம் 2: பீர்க்கன்கரணை ஏரி

1989 கோடை விடுமுறை. பீர்க்கன்கரணையில் ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் குடியிருந்தோம். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் நான் தாவரவியல் ஆசிரியை. பக்கத்து வீட்டு அக்காவின் கணவருக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்துவிட்டது. கிளம்பும் முன் அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"டீச்சர், நாம தினமும் வாக்கிங் போற ஏரியை ஒரு படமா வரைஞ்சு குடுங்க. அங்க போய் மாட்டிக்கிறேன்."

பெருமையாகத் தலையாட்டிவிட்டேன். செம்பருத்திப் பூவின் நீள்வெட்டையே கரும்பலகையில் ஒரே மூச்சில் போடுகிறவளுக்கு ஏரி எம்மாத்திரம் என்ற நினைப்பு!

ஆனால் என்னுடையது ரெக்கார்டு நோட்டில் பழகிய கை. ஒற்றைக் கோடுதான் போட வேண்டும், ஷேடிங் கூடாது, கொஞ்சம் பிசகினாலும் அழித்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். மாணவிகளை அப்படித்தான் படுத்தி எடுத்திருக்கிறேன். செம்பருத்தி மேஜையில் அசையாமல் கிடக்கும். ஏரி கிடக்குமா? பனைமரத்தை அழித்து நேராக்குவதற்குள் கொக்கு பறந்துவிடும். கொக்கைச் சரிசெய்தால் கரை கோணலாகத் தெரியும். தினமும் காலையில் போய் உட்கார்ந்து, அழித்து அழித்துத் தாளில் ஓட்டை போட்டுக்கொண்டு வீடு திரும்புவேன். அக்கா கேட்கும்போதெல்லாம் "ஃபினிஷிங்தான் பாக்கி" என்று சமாளித்தேன். வெறும் கையோடு அவரை அனுப்பிவிடுவேனோ என்று உள்ளுக்குள் ஒரே பயம்.

சாமான் ஏற்ற லாரி வரும் நாளும் வந்தது. அன்று காலைதான் ஒருவழியாகப் படம் தேறியது. பழக்கதோஷத்தில் அடியில் 'படம் 1: பீர்க்கன்கரணை ஏரி' என்றும் எழுதினேன். தூரத்தில் அக்கா கரைமேல் வருவது தெரிந்தது. படம் செருகியிருந்த பரீட்சை அட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கையாட்டினேன். திரும்பிப் பார்த்தால், ஒரு வெள்ளாடு என் ஏரியில் பாதியை மென்றுகொண்டிருந்தது! பிடுங்கப் பாய்ந்தேன். மீதியும் உள்ளே போனது. பாய்ந்த வேகத்தில் கையிலிருந்த ரப்பர் ஏரிச் சேற்றில் விழுந்து மறைந்தது.

ஆட்டுக்காரம்மா ஓடி வந்தார். வருத்தப்படுவார் என்று பார்த்தால், என் மேல்தான் பாய்ந்தார்.

"இன்னாம்மா, காயிதத்த ஆட்டு வாயாண்ட வச்சிட்டு நிக்கிற! மையி கிய்யி பூசிக்கீறியா? என் ஆட்டுக்கு எதுனா ஆச்சின்னா?"

"வெறும் பென்சில்தாங்க" என்றேன், அழுகையை அடக்கிக்கொண்டு.

"பென்சிலா? அப்ப ஒண்ணும் ஆவாது" என்று அவர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

அதற்குள் வந்து சேர்ந்த அக்கா, விஷயம் புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தச் சிரிப்பு எனக்கும் தொற்றிக்கொண்டது.

"லாரி வர்றதுக்குள்ள இன்னொண்ணு போடுங்க டீச்சர். எப்படி வந்தாலும் சரி" என்றார்.

ரப்பரும் இல்லை, நேரமும் இல்லை. போட்ட கோடு போட்டதுதான். பனை சாய்ந்தது. சாயட்டும் என்று விட்டேன். கொக்கு பறந்தது. பறக்கிற கொக்கையே போட்டேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேச, நானும் பதில் சொல்லிக்கொண்டே வரைந்தேன். அத்தனை நாள் இறுகிக் கிடந்த விரல்கள் அன்றைக்குத்தான் தளர்ந்தன. ஓரத்தில் ஆட்டையும் சேர்த்தேன். எட்டிப் பார்த்த ஆட்டுக்காரம்மா, "அய்ய, என் ஆடு மாரியே கீது!" என்று பூரித்துப் போனார்.

லாரியின் ஹாரன் கேட்டது. அவசரத்தில் என் கை தன்பாட்டுக்கு ஸ்கேலை எடுத்து, வலது பக்கம் கோடுகள் இழுத்து, பாகங்களைக் குறித்துவிட்டது: பனை, கொக்கு, மதகு, ஆடு. அடியில் 'படம் 2'. அழிக்க ரப்பர் ஏது? அப்படியே கொடுத்தேன்.

சில வருடங்கள் கழித்து நாக்பூர் போயிருந்தேன். அக்கா வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் சாய்ந்த பனையும் ஆடும் இருந்தன. வீட்டுக்கு வரும் தமிழ்க்காரர்கள் எல்லாரும் முதல் படம் எங்கே என்றுதான் கேட்கிறார்களாம்.

"ஆட்டு வயித்துலன்னு ஆரம்பிப்பேன் டீச்சர். சொல்லி முடிக்கறதுக்குள்ள நம்ம ஏரிக்கு ஒரு நடை போயிட்டு வந்த மாதிரி இருக்கும்" என்றார் அக்கா. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இன்றும் ரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் ஏரிக்கரைக்கு வரையப் போகிறேன். அந்த முதல் படம் தப்பியிருந்தால் அதையும் அக்கா பத்திரமாக மாட்டியிருப்பார், ஆனால் அதில் நாங்கள் இருவரும் சிரித்த அந்தக் காலை இருந்திருக்காது என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.