மச்சானும் அணைந்துபோகும் மோட்டார் சைக்கிளும்

என் அக்கா சுல்தானாவைக் கட்டிய நாகூர் மீரான் மச்சானுக்குக் கழுத்தை மட்டும் அல்லா தனியாகச் செய்து வைத்தான் என்று நினைக்கிறேன். தொழுகையில் தரையைத் தொடும் தலை, மற்ற நேரத்தில் ஒருவனுக்கும் இறங்காது. ஆள் ஒன்றும் பெரிய சீமான் இல்லை. டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து செங், குருபோங் கிராமத்து மருந்தகங்களுக்கு மலேரியாவுக்கான கொயினா மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பவர்.

ஜப்பான்காரன் இந்த மலாய் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் ஊரில் ஓடிய மோட்டார் சைக்கிள்களையெல்லாம் ராணுவம் பிடுங்கிக்கொண்டது. மச்சானுடையதையும் பிடுங்கத்தான் வந்தார்கள். ஒரு சிப்பாய் அதை உதைத்து உதைத்துப் பார்த்தான். கிளம்பாத கோபத்தில் வண்டியையே ஓர் உதை விட்டுவிட்டுப் போனான். கையில் ஆஸ்பத்திரிப் பட்டை கட்டிக்கொண்டு மச்சான் அதையே ஓட்டினார்.

அது இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த வண்டி. சண்டைக்கு முன்பு எஸ்டேட் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போனது. இப்போது அதற்கு ஒரு திருகாணிகூடக் கிடைக்காது. கிளட்ச் கம்பிக்குப் பதில் சைக்கிள் பிரேக் கம்பி, சீட்டுக்குள் தேங்காய் நார். பெட்ரோலோடு ரப்பர் எண்ணெயைக் கலந்து ஊற்றுவதால் தெருவே நாறும், கார்புரேட்டர் பிசின் பிடிக்கும். ஓடும்வரை நன்றாக ஓடும். எங்கேயாவது நிறுத்தினால் உடனே அணைந்துவிடும். பிறகு இறங்கிக் குனிந்து, கார்புரேட்டர் மேலிருக்கும் சின்ன ஊசியை விரலால் அமுக்கிப் பெட்ரோல் சொட்டவிட்டு உதைத்தால்தான் உயிர் வரும்.

“பட்டறைப் பிச்சை அண்ணன்கிட்ட ஒரு தடவ காட்டுனா என்னங்க?” என்று அக்கா தினமும் தலையில் அடித்துக்கொள்வாள். மச்சான் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார். ஒருநாள் சிரித்துக்கொண்டே காரணத்தைச் சொன்னார்.

வீட்டுக்குச் சற்றுத் தள்ளி, காஜா பேராங் சாலை முனையில் ஜப்பான்காரன் காவல் இருந்தது. யாராக இருந்தாலும் இறங்கி, இடுப்பு வளையக் குனிந்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும். குனியாதவனுக்கு அறை விழும். ஊரே குனிந்தது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தேன்.

“நான் அங்க போய் நிறுத்துவேன், வண்டி அணஞ்சிரும். நான் கார்புரேட்டருக்குக் குனிவேன். அந்தப் பய தனக்குன்னு நெனச்சு மண்டைய ஆட்டுவான்” என்றார் மச்சான். “இதுல பொய் ஒண்ணும் கெடையாது. வேலைக்குத்தான் குனியிறேன். இது கெட்டுக் கெடக்கிற வரைக்கும் என் மானம் கெடாது.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா மறுபடி தலையில் அடித்துக்கொண்டாள்.

இதெல்லாம் தெரியாதவர் பிச்சை. பல தலைமுறைக்கு முன்பே குடியேறிய செட்டிகள் வாழும் பக்கத்துக் கம்பத்துக்காரர், பஸ் பட்டறையில் ஃபிட்டர். சாமி பெயரையும் பலகாரப் பெயரையும் தவிர அவருக்குத் தமிழ் வராது, பேச்செல்லாம் மலாய்தான். அவர் மனைவி மீனாச்சி மலேரியாவில் நடுங்கிக் கிடந்தபோது மச்சான் கொயினா கொண்டுவந்து கொடுத்துப் பிழைக்க வைத்தார். அந்த நன்றியை எப்படித் தீர்ப்பது என்று பிச்சை தவித்துக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை மச்சான் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரம் வந்து, கார்புரேட்டரைக் கழற்றிப் பிசினைச் சுரண்டி, அடைபட்ட துளைகளையெல்லாம் ஒற்றைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து மாட்டிவிட்டுப் போய்விட்டார். அக்காவும் நானும் அப்போது வீட்டில் இல்லை.

தொழுதுவிட்டு வந்த மச்சான் மருந்துப் பெட்டியைக் கட்டினார். வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது. ஏதோ நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறார். காவலில் நிறுத்தினார். வண்டி அணையவில்லை. டுக்கு டுக்கென்று நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

சிப்பாய் காத்திருந்தான். மச்சான் சும்மாவாவது கார்புரேட்டரைத் தொட்டுக் குனிந்திருக்கலாம். மாட்டேன் என்று நின்றார். வேலையில்லாமல் குனிந்தால் அது அவனுக்குக் குனிந்ததுதானே!

“பகேரோ!” என்று ஜப்பானிய வசவைக் கத்திக்கொண்டு வந்தவன் அறைந்தான். பிடரியைப் பிடித்து அமுக்கினான். கையை எடுத்ததும் தலை நிமிர்ந்தது. மறுபடி அமுக்கினான், மறுபடி நிமிர்ந்தது. கடைசியில் துப்பாக்கிக் கட்டையால் வாயில் இடித்தான்.

யாரோ அவரையும் மோட்டார் சைக்கிளையும் மாட்டு வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். முன்பல் இரண்டும் போய்விட்டன, உதடு கிழிந்து தொங்கியது. அக்கா கத்தித் தீர்த்துவிட்டாள். “ஊரே குனியலையா? ஒரு நிமிசம் குனிஞ்சா கழுத்து ஒடஞ்சா போயிரும்? என்னைய விதவையாக்கி இத்தாவுல உக்கார வச்சாத்தான் ஓய்வீங்களா?”

மச்சான் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னார்: “நான் விழுந்தேன் புள்ள, குனியல. செத்தேனா இருக்கேனான்னு அவன்தான் என் மேல குனிஞ்சு பாத்தான்.”

விஷயம் தெரிந்து பிச்சை ஓடிவந்தார். அழுதுகொண்டே, பழையபடி கெடுத்துத் தந்துவிடுகிறேன் என்று மலாயில் சொல்லித் திருப்புளியை எடுத்தார். மச்சான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம், ஓடட்டும் என்றார்.

வீக்கம் வற்றுவதற்குள் மறுபடி பெட்டியைக் கட்டிவிட்டார். “செங்குக்குப் பின்பாதை இருக்கே மச்சான்” என்றேன். “அது மாடு போற பாதை” என்றார். எனக்கு அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

அக்காவும் நானும் வாசலில் நின்றோம். சாலை முனை கண்ணுக்குத் தெரியாது, சத்தம் கேட்கும். வண்டி அங்கே போய் நின்றது. டுக்கு டுக்கென்று ஓடிக்கொண்டே நின்றது. அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தாள். சத்தம் கூடவும் இல்லை, அணையவும் இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் கியர் விழுந்தது. வண்டி செங் பக்கம் உறுமிக்கொண்டு போனது.

அக்கா என் கையை விட்டாள்.

“குனியல” என்றாள்.

“உனக்கெப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“குனிஞ்சிருந்தா எப்பவோ போயிருப்பாரே” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.