வெள்ளணு கூடினால் நல்லது என்றேன்

ஒரு பெண்ணின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நானே படித்து, டாக்டரிடம் போகவிடாமல் தடுத்தேன். அவள் பெயர் செல்வி. மதுரையிலிருந்து இந்த வடநாட்டு நகரத்துக்கு ஐ.டி. வேலைக்கு வந்து, பவானிபூரில் எங்கள் எதிர் ஃப்ளாட்டில் இருக்கிறாள். அப்போது அவளுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல்.

“வெள்ளணு எக்கச்சக்கமா இருக்கே அங்கிள்?”

“நல்லதும்மா. உடம்பு கிருமியோட சண்டை போடுது.”

என்னைப் படித்தவர் என்று நம்பினாள். மூன்று வாரம் கழித்து மெட்ரோ படிக்கட்டில் மயங்கி விழுந்தாள். ரத்தப் புற்றுநோய். அந்த அணுக்கள் முதிராதவை, எதனுடனும் சண்டை போடாமல் பெருகி, மற்ற அணுக்களின் இடத்தை அடைப்பவை என்றார் டாக்டர். காக்க வேண்டியதே எப்படி நோயாகும்? இன்றும் எனக்குக் குழப்பம்தான்.

சிகிச்சை நாட்களில் ரசஞ்சாதம் கொண்டுபோனேன். ஒருநாள் மன்னிப்புக் கேட்டேன்.

“எனக்கும் டாக்டர்ட்ட போகப் பயம் அங்கிள். நீங்க சொன்னது வசதியாப் போச்சு” என்றாள். மன்னித்தாளா என்று விளங்கவில்லை.

போன வாரம் புது ரிப்போர்ட்டோடு கதவைத் தட்டினாள். “படிங்க, டாக்டர் அங்கிள்!” என்று சிரித்தாள்.

நான் மூக்குக்கண்ணாடியைத் தேடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.